இரவல் போன புத்தகங்கள்

புத்தகம், பெண், பணம் ஆகிய மூன்றும் அடுத்தவர் கைக்குப் போனால் போனதுதான், திரும்பி வந்தாலும் பழுதாகித்தான் வரும் என்ற பொருளில் வடமொழியில் ஒரு பழைய சுபாஷிதம் உண்டு. யார் யாரிடம் சொன்னது என்று பார்த்தால் இதன் அரசியல் விளங்கிவிடும். உடைமைக்காரன் ஒருவன் இன்னொரு உடைமைக்காரனை எச்சரிக்கிறான். பட்டியலிலுள்ள மூன்றும் அவனுடைய சொத்து. புத்தகம் யாரிடம் போனது, போன இடத்தில் என்ன செய்தது என்பதெல்லாம் அவனுக்குப் பொருட்டில்லை. பெண்ணும் புத்தகமும் அவரவர் இடத்தில் பூட்டி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

பெண்கள் புத்தகத்தை வேறு பட்டியலில் வைத்தார்கள். ஓர் ஆழாக்குச் சர்க்கரை, கொஞ்சம் காப்பித்தூள், உறைமோர், கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போக ஒரு சங்கிலி. இந்த வரிசையில்தான் புத்தகமும் சேர்ந்தது. இதற்குத் தமிழில் இரவல் என்று பெயர். ‘இர’ என்பதே இச்சொல்லின் வேர். இரப்பதைப் பற்றித் திருக்குறளில் இரவு, இரவச்சம் என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. பின்னது அதை அஞ்சத்தக்க ஒன்றாகவே சொல்கிறது. ஆனால் கொல்லைப்புற வேலிக்கு மேலாகக் கைமாறும் இரவலில் அந்த அச்சமோ இழிவோ இல்லை. இன்று நான் வாங்கினால் நாளை நீ வாங்குவாய். எந்த ஏட்டிலும் ஏறாத கணக்கு அது.

ஏட்டில் ஏறாததால் வரலாற்றிலும் ஏறவில்லை. வாசிப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அச்சான படிகளின் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள், சந்தாதாரர் பட்டியலைப் பார்க்கிறார்கள், நூலகப் பேரேட்டைப் பார்க்கிறார்கள். மூன்றும் புத்தகத்தை வாங்கியவர், பதிந்தவர், கையெழுத்துப் போட்டவர் யார் என்பதைச் சொல்லும். படித்தவர் யார் என்பதைச் சொல்லாது. வாங்கப் பணமும் பதியப் பெயரும் இல்லாத பெண்கள் படித்த வழி இரவல்தான். அந்த வழி எங்கெல்லாம் போனது, எங்கே வந்து நின்றது என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

ஒருத்தி படிக்க, பலர் கேட்க

1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் 0.6 விழுக்காடு. இருநூறு பெண்களில் ஒருத்தி என்று வைத்துக்கொள்ளலாம். 1931இல் இது 2.93 விழுக்காடு. 1951இல்தான் 8.86ஐத் தொடுகிறது. இதே காலத்தில்தான் தமிழில் மாதர் மனோரஞ்சினி (1899), சக்கரவர்த்தினி (1905) போன்ற பெண்களுக்கான இதழ்கள் வந்தன. நாவல் பெருகியது. நாவல் படித்துப் பெண்கள் கெட்டுப்போகிறார்கள் என்று ஆண்கள் கவலைப்பட்டதும் இதே காலம்தான். படிக்கத் தெரிந்தவர்களே இல்லாத இடத்தில் கெட்டுப்போனவர்கள் யார்?

விடை எளிது. படிக்கத் தெரிந்தவர்களைவிடப் படித்ததைக் கேட்டவர்கள் பல மடங்கு அதிகம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாவல்கூட வாய்விட்டுப் படிக்கப்பட்டது, குடும்பமாக உட்கார்ந்து கேட்கப்பட்டது, தனிமையில் மௌனமாக வாசிக்கும் பழக்கம் நடுத்தர வர்க்கத்தோடு சேர்ந்து பின்னால் பரவியது என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி தம் ‘நாவலும் வாசிப்பும்’ நூலில் விளக்கியிருக்கிறார். நாவலுக்கு முன்பே பெரிய எழுத்துப் புத்தகங்கள் இருந்தன. அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை போன்றவை. மங்கிய விளக்குக்கும் மூத்த கண்களுக்கும் எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் தோதான பெரிய எழுத்து. இந்தப் புத்தகம் ஒரு வீட்டில் இருந்தால் அந்தத் தெருவுக்கே இருந்ததாகப் பொருள். ஒருத்தி ராகம் போட்டுப் படிப்பாள். மற்றவர்கள் அரிசி புடைத்துக்கொண்டோ பூத் தொடுத்துக்கொண்டோ கேட்பார்கள். கையில் வேலை இருந்தால் கதை கேட்பதை யாரும் சோம்பல் என்று சொல்ல முடியாது.

கேட்பவர்களிடமிருந்து எழுதுகிறவள் பிறந்ததற்கு வை. மு. கோதைநாயகியைவிட நல்ல சான்று இல்லை. 1901இல் பிறந்தவர். ஐந்து வயதில் திருமணமாகித் திருவல்லிக்கேணிக்கு வந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. கதை கேட்கவும் சொல்லவும் மட்டும் தெரியும். எழுத வராத காலத்தில் தம் முதல் படைப்பான ‘இந்திர மோகனா’ நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக் கொடுத்தார். பிறகு எழுதவும் கற்றுக்கொண்டார். 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் நடத்தினார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார்.

இந்த வரலாற்றைச் சொல்கிறவர்கள் கோதைநாயகியின் தனித்திறமையைச் சொல்வார்கள், கணவரின் ஆதரவைச் சொல்வார்கள். இரண்டும் உண்மை. ஆனால் பட்டம்மாள் ஓர் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுகிறார். ஒரு பெண் தன் எழுத்தறிவை இன்னொரு பெண்ணுக்கு இரவல் கொடுத்திருக்கிறாள். தமிழின் முதல் வெகுசனப் பெண் நாவலாசிரியரின் முதல் படைப்பு அந்த இரவல் கையால் எழுதப்பட்டது. அந்த எழுதுகோல் இரவல் கிடைக்காமல் கதை சொல்லியாகவே முடிந்துபோன பெண்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கெடுப்பு எதிலும் பத்தி இல்லை.

பேரேட்டில் இல்லாத பெயர்

1931ஆம் ஆண்டு தமிழக நூலக வரலாற்றில் முக்கியமானது. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் தம்முடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகளை அந்த ஆண்டில்தான் நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது இரண்டாவது விதி; ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. அதே ஆண்டில் மன்னார்குடிக்கு அருகே கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியால் மாட்டு வண்டியில் ஒரு நடமாடும் நூலகம் கிராமங்களுக்குப் புறப்பட்டது. 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அது. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தது. ஊர்தோறும் கிளை நூலகம் என்ற கனவுக்குச் சட்டமும் பணமும் கிடைத்தன.

இந்தப் பெருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. கட்டணமில்லாமல் படிக்கலாம் என்று அரசு சொன்ன இடம் அது. ஆனால் அந்த வாசலைத் தாண்டப் பெண்ணுக்கு வேறு சில அனுமதிகள் வேண்டியிருந்தன. பெரும்பாலான ஊர்களில் நூலகம் கடைத்தெருவிலோ பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலோ இருந்தது. ஆண்கள் நாளிதழைப் பங்குபோட்டுப் படித்துக்கொண்டிருக்கும் முன்னறையைக் கடந்துதான் புத்தக அலமாரிக்குப் போக வேண்டும். நூலகம் திறந்திருக்கும் நேரம் அடுப்பும் எரியும் நேரம். உறுப்பினராகக் காப்புத்தொகை வேண்டும், ஜாமீன் கையெழுத்து வேண்டும். தன் பெயரில் வீடோ வருமானமோ இல்லாதவள் யாரிடம் போய்க் கையெழுத்துக் கேட்பாள்?

அதனால் அவள் பையனை அனுப்பினாள். தம்பியை, கொழுந்தனை, பக்கத்து வீட்டுச் சிறுமியை அனுப்பினாள். தன் பேருக்கு ஓர் அட்டை இல்லாமலே நூலகத்தின் மிகத் தீவிரமான வாசகியாக இருந்தாள். பேரேட்டில் பத்து வயதுப் பையன் பெயரிலோ கணவன் பெயரிலோ லக்ஷ்மியின் நாவல்களும் அநுத்தமாவின் நாவல்களும் பதிவாகியிருக்கும். அந்தப் பேரேட்டை வைத்துக்கொண்டு யாராவது ஆய்வு செய்தால் ஐம்பதுகளின் தமிழ்ச் சிறுவர்கள் குடும்ப நாவல்களில் மூழ்கிக் கிடந்தார்கள் என்ற முடிவுக்குத்தான் வருவார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பையன் கொண்டுவந்த புத்தகம் இரண்டு வாரக் கெடுவுக்குள் ஒரு வீட்டில் மட்டும் தங்கவில்லை. மூன்று நாள் இங்கே, இரண்டு நாள் எதிர்வீட்டில், மீதி நாள் நாத்தனார் வீட்டில். நூலகர் கொடுத்தது ஒரு இரவல். அதற்குள் பெண்கள் தங்களுக்கென்று ஒரு சிறு நூலகத்தை நடத்திக்கொண்டார்கள்.

கோணி ஊசியும் மைதாப் பசையும்

அந்தச் சிறு நூலகத்தின் உச்சம் பைண்டு செய்த தொடர்கதைகள்.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் முதல் மூன்றரை ஆண்டுக் காலம் ‘கல்கி’ வார இதழில் வந்தது. ஆனந்த விகடன், கல்கி, குமுதம், கலைமகள் என்று எந்த இதழை எடுத்தாலும் தொடர்கதைதான் அதன் முதுகெலும்பு. எல்லா இதழ்களையும் ஒரே குடும்பம் வாங்க முடியாது. எனவே ஒரு வீடு விகடன் வாங்கும், அடுத்த வீடு கல்கி, மாடி வீடு குமுதம். வாரத்துக்குள் மூன்றும் மூன்று வீட்டையும் சுற்றிவிடும். யார் முதலில் படிப்பது என்ற சண்டையும் உடன் சுற்றும்.

வாரங்கள் ஓடி, தொடர் முடிந்ததும் பைண்டு வேலை தொடங்கும். இதழ்களிலிருந்து அந்தத் தொடரின் பக்கங்களை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். இங்கேதான் ஒரு சிக்கல். ஒரு தொடரின் கடைசிப் பக்கத்துக்குப் பின்பக்கம் இன்னொரு தொடர் தொடங்கியிருக்கும். இதைக் கிழித்தால் அது போகும். அந்தப் பக்கத்தை விட்டுக்கொடுப்பது யார், விடுபட்ட வாரத்து இதழ் எந்த வீட்டில் கிடைக்கும், கிடைக்கவே இல்லையென்றால் அந்த அத்தியாயத்தை யார் கையால் எழுதிச் சேர்ப்பது என்றெல்லாம் பேசி முடிவெடுக்க வேண்டும். இதைப் பதிப்புப் பணி என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? பிறகு பக்கங்களை அடுக்கிக் கோணி ஊசியால் துளையிட்டு, தடித்த நூலால் தைத்து, மைதாப் பசை காய்ச்சி, பழைய காலண்டர் அட்டையை ஒட்டினால் புத்தகம். வசதி இருந்தால் பைண்டிங் கடையில் கொடுத்துக் காலிகோ முதுகு போட்டுக்கொள்ளலாம்.

பழைய புத்தகக் கடைகளில் இவை இன்றும் கிடைக்கின்றன. பிரித்துப் பார்த்தால் கதைக்கு நடுவே அந்தக் காலத்துச் சிரிப்புத் துணுக்குகளும் தலைவலித் தைல விளம்பரங்களும் இருக்கும். முதல் பக்கத்தில் சில பெயர்கள், ‘படித்துவிட்டுத் திருப்பித் தரவும்’ என்ற எச்சரிக்கை. ஓரங்களில் பென்சிலால் எழுதிய சொற்கள். மாமியார் பாத்திரத்தின் பேச்சுக்குப் பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி. கதாநாயகி கணவனை மன்னிக்கும் இடத்தில் ‘ஏன்?’ என்று ஒரு கேள்வி, அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் ‘வேறு வழி?’ என்று ஒரு பதில். முகம் பார்த்துப் பேச முடியாததை இரண்டு பெண்கள் ஒரு கதையின் ஓரத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தொடர்கதைகள் பெண்களை மயக்கத்தில் வைத்திருந்தன என்ற விமர்சனம் நமக்குத் தெரியும். கதைகளைப் பற்றி அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கலாம். ஆனால் படித்தவர்கள் கதைக்குள்ளேயே அடங்கியிருக்கவில்லை என்பதற்கு அந்தப் பென்சில் கோடுகள் சாட்சி.

இதழ்களில் பெண்கள் எழுதிய தொடர்கள் பல நூலாக வந்ததே இல்லை. வந்தவற்றிலும் பல மறுபதிப்புக் காணவில்லை. எந்த நூலகமும் வாங்கிச் சேர்க்காத அந்த எழுத்துகளுக்கு இந்த வீட்டு பைண்டுகள்தான் காப்பகம்.

இந்தத் தேவையைப் பார்த்து வணிகமும் வந்தது. சென்னையில் 1955இல் தொடங்கிய ஈஸ்வரி வாடகை நூலகம் போலப் பல ஊர்களில் வாடகை நூலகங்கள் முளைத்தன. சைக்கிளின் இருபுறமும் பை தொங்கவிட்டு வார இதழ்களை வீட்டுக்கு வீடு கொடுத்து மறுநாள் வாங்கிப்போகும் ஆட்கள் வந்தார்கள். 1969இல் தொடங்கிய ‘ராணி முத்து’ மாதம் ஒரு நாவலை மலிவு விலையில் கொடுத்தது. பெண் வெளியே போகாமல் புத்தகம் உள்ளே வரும் ஏற்பாடு இது. வாசலைத் தாண்டும் உரிமையை இது பெற்றுத் தரவில்லை. ஆனால் வாசலுக்கு உள்ளே ஒரு மணி நேரத்தைப் பெற்றுத் தந்தது.

இரவல் நின்ற இடம்

இதுவரை சொன்னதைக் கேட்டால் ஒரு பெரிய சகோதரித்துவம் போலத் தோன்றும். அப்படி எழுதி முடித்துவிடும் ஆசையும் வரும். ஆனால் சர்க்கரை எந்த வீடு வரை போனதோ புத்தகமும் அந்த வீடு வரைதான் போனது. ஊர்த்தெருவின் சர்க்கரை சேரிக்குப் போகவில்லை. புத்தகமும் போகவில்லை.

திருவல்லிக்கேணியில் கதை கேட்ட வட்டம் ஒரே சாதியின் வட்டம். சகோதரி சுப்புலட்சுமி 1912இல் தொடங்கிய சாரதா மகளிர் சங்கமும், 1917இல் அடையாற்றில் தொடங்கிய இந்திய மாதர் சங்கமும் பெண்கள் வீட்டுக்கு வெளியே கூடிப் பேசவும் கற்கவும் வழி செய்தன. அங்கும் பெரும்பாலும் மேல்சாதி, மேல்வர்க்கப் பெண்களே கூடினார்கள். அந்த வீடுகளில் பாத்திரம் துலக்கியவளும் துணி துவைத்தவளும் தாழ்வாரத்தில் ஓடிய கதையைக் கேட்டிருப்பாள். கேட்டதைப் பற்றி அவளிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இரவலில் பரிமாற்றம் வேண்டும். அவளிடமிருந்து எதையும் வாங்கக் கூடாது என்று சாதி சொல்லியிருந்ததால் அவளுக்குக் கொடுக்கவும் முடியவில்லை. இரவல் சமமானவர்களுக்கு இடையிலேயே நடக்கும் என்பது அதன் அழகு. அதன் எல்லையும் அதுவேதான்.

அந்த எல்லைக்கு அப்பால் வேறு வட்டங்கள் இருந்தன. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் இராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ தன் பெயரிலேயே விலையை வைத்துக்கொண்டது. கோலார் தங்கவயலின் தொழிலாளர் குடியிருப்புகள் வரை அதற்கு வாசகர்கள் இருந்தார்கள். சுயமரியாதை இயக்கமும் பின்னர் திராவிட இயக்கமும் படிப்பகங்களைத் தெருமுனைகளுக்குக் கொண்டுவந்தன. எழுத்தறியாதவர்களுக்கு நாளிதழைப் படித்துக்காட்டுவது அங்கே அரசியல் பணியாக இருந்தது. ஆனால் தெருமுனைப் படிப்பகத்தின் பெஞ்சு ஆண்களின் பெஞ்சு. சாதியைக் கேள்வி கேட்ட இடத்திலும் பெண் தள்ளி நின்றே கேட்க வேண்டியிருந்தது.

தமிழ் முஸ்லிம் பெண்களின் வாசிப்புக்கு மற்றொரு வரலாறு. நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்போடு பள்ளி முடிந்தவர். 1938இல் அவருடைய ‘காதலா கடமையா’ நாவல் வெளிவந்தது. உ. வே. சாமிநாதையர் அதற்குப் பாராட்டுரை தந்தார். பள்ளி கொடுக்காத தமிழ் அவருக்கு வீட்டுக்குள் வந்த நூல்களிலிருந்து வந்தது. அரை நூற்றாண்டு கழித்துத் துவரங்குறிச்சியில் பருவம் எய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட கவிஞர் சல்மா, வீட்டுக்கு வந்து சேர்ந்த அச்சுத்தாளையெல்லாம் படித்து வளர்ந்ததைத் தம் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். இரண்டு பேருக்கும் இடையில் நாடு விடுதலை அடைந்திருந்தது, நூலகச் சட்டம் வந்திருந்தது. வீட்டுக்கதவு மட்டும் அப்படியே இருந்தது.

அந்தக் கதவுகளைக் கும்பலாகத் தள்ளிப் பார்த்த நிகழ்வு அறிவொளி இயக்கம். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் கல்குவாரித் தொழிலாளர்களும் விவசாயக் கூலிகளுமான பெண்கள் மாலையில் வேலை முடித்து வந்து எழுத்தைக் கற்றார்கள். கூடவே சைக்கிளும் கற்றார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றார்கள் என்று பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். எழுத்தையும் சைக்கிளையும் ஒன்றாகக் கொடுத்தவர்களுக்கு ஒரு விஷயம் புரிந்திருந்தது. புத்தகம் அவளிடம் வருவது பாதி வேலை. அவள் புத்தகத்திடம் போவது மீதி வேலை. பைண்டு செய்த நாவல் எத்தனை வீடு சுற்றினாலும் அந்த இரண்டாவது பாதியைச் செய்ததில்லை.

எரிந்தவையும் மிஞ்சியவையும்

இரவல் என்பது வசதியில்லாதவர்களின் மாற்று ஏற்பாடு மட்டும்தானா? யாழ்ப்பாணத்தின் பத்தாண்டு வரலாறு இதற்கு வேறு பதில் சொல்கிறது.

1981 மே மாதக் கடைசியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஈடில்லாத ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. ஓர் இனத்தின் நினைவை ஒரே கட்டடத்தில் வைத்தால் அதை ஒரே இரவில் எரித்துவிட முடியும் என்று அந்த நெருப்பு காட்டியது.

அந்தப் பத்தாண்டிலேயே அங்கே பெண்கள் ஆய்வு வட்டம் இயங்கியது. பல்கலைக்கழகத்தைச் சுற்றியிருந்த பெண்கள் கூடிப் படித்தார்கள், படித்ததை விவாதித்தார்கள், எழுதியதைக் கைமாற்றிக்கொண்டார்கள். 1986இல் அந்த வட்டம் ‘சொல்லாத சேதிகள்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. பத்துப் பெண்களின் இருபத்து நான்கு கவிதைகள். தமிழில் பெண் கவிதையைப் பற்றிப் பேசும் எவரும் அந்தச் சிறு நூலைத் தாண்டிப் போக முடியாது. கோதைநாயகிக்கு ஒரு பட்டம்மாள் கிடைத்ததைப் போலத்தான் இதுவும். கூடிப் படித்த வட்டம் எழுதும் வட்டமானது, பிறகு பதிப்பிக்கும் வட்டமானது.

அந்த வட்டத்தின் இளைய கவிஞர் சிவரமணி. போரும் போராளிகளும் சமூகமும் ஒரு பெண்ணின் பேச்சை எப்படியெல்லாம் நெரிக்கும் என்பதை எழுதியவர். 1991 மே மாதம், இருபத்திரண்டு வயதில், தம் கைக்கெட்டிய கவிதைகளை எல்லாம் எரித்துவிட்டுத் தம் உயிரையும் முடித்துக்கொண்டார். இன்று நாம் படிக்கும் சிவரமணியின் கவிதைகள் இருபதைச் சற்றே தாண்டும். அவை ஏற்கெனவே இதழ்களுக்கும் தோழிகளுக்கும் போய்விட்டவை. அவர் மறைந்த பின் தோழிகள் அவற்றைத் திரட்டி நூலாக்கினார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கவிதைகளை வகுப்பில் நடத்தும்போது யாராவது ஒரு மாணவி கேட்பாள்: “அவங்களே எரிச்சதை மத்தவங்க வெளியிட்டது சரியா மேடம்?” எளிதில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. எழுதியதை அழிக்க எழுதியவளுக்கு உரிமை உண்டு. ஆனால் அவர் எரித்தது அவர் கையில் இருந்தவற்றை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு எரிக்கவில்லை. தோழியின் கையில் இருக்கும் கவிதை தோழிக்கும் உரியதாகிவிட்டது என்ற ஒப்புதல் அதில் இருந்ததா, வெறும் களைப்பு மட்டுமே இருந்ததா என்று நம்மால் தீர்மானிக்க முடியாது. ஒன்றை மட்டும் சொல்லலாம். தொடக்கத்தில் பார்த்த சுபாஷிதம் இங்கே தலைகீழாகிறது. அடுத்தவர் கைக்குப் போனது மட்டும்தான் மிஞ்சியது.

கடைசிப் பக்கம்

இன்று பெண் எழுத்தை வெளியிடும் சிறு பதிப்பகங்கள் சில நூறு படிகளே அச்சிடுகின்றன. அவற்றின் விலை கல்லூரி மாணவிக்கு எட்டுவதில்லை. கல்லூரி நூலகம் வாங்கினாலும் பல நேரம் புத்தகம் கண்ணாடி அலமாரிக்குள் போய்ப் பூட்டப்பட்டுவிடுகிறது. ஆனால் விடுதி அறைகளில் ஒரே படி முப்பது கை மாறுகிறது. நகல் எடுத்துச் சுருள்கம்பி போட்டுச் சுற்றுகிறது. செல்பேசியில் பி.டி.எஃப். ஆகவும் போகிறது. எழுதியவருக்கும் பதிப்பித்தவருக்கும் இதனால் நட்டம் உண்டு; அதை மறைத்துப் பேசுவதில் பொருளில்லை. வாங்க முடிகிறவர்கள் வாங்கியே ஆக வேண்டும். வாங்கியதைக் கொடுக்கவும் வேண்டும். ஒரே படியைப் படித்த முப்பது பேரில் சம்பளம் வந்ததும் புத்தகம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கே முதல் தலைமுறையாக வந்தவர்களிடம் புத்தகம் வாங்கும் பழக்கத்தை எதிர்பார்க்கும் முன், புத்தகம் கையில் தங்கும் பழக்கத்தை உண்டாக்க வேண்டியிருக்கிறது.

பி.டி.எஃப். பற்றி வேறொரு கவலை எனக்கு உண்டு. அதன் ஓரத்தில் யாரும் ‘ஏன்?’ என்று எழுதுவதில்லை. யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போனது என்ற தடம் அதில் நிற்பதில்லை. நூறு பேருக்கு ஒரே நொடியில் போய்விடுகிறது. அந்த நூறு பேரும் அதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேச வேண்டிய தேவை இல்லாமலும் போய்விடுகிறது. திருப்பித் தர வேண்டியதில்லாத இரவலில் பாதி உறவு குறைந்துவிடுகிறது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போதுதானே, “எப்படி இருந்துச்சுடி?” என்று பேச்சு தொடங்கும்.

எனவே மாணவிகளிடம் ஒரு சிறு வேலையைச் செய்யச் சொல்கிறேன். இதைப் படிக்கும் நீங்களும் செய்யலாம். இரவல் கொடுக்கும் புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளில் உங்கள் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். படித்தவள் தன் பெயரைக் கீழே எழுதி அடுத்தவளுக்குக் கொடுக்கட்டும். நூறு ஆண்டாகப் பேரேட்டில் ஏறாத பெயர்கள் இனியாவது புத்தகத்திலேயே ஏறட்டும். நாளை வாசிப்பின் வரலாற்றை எழுத வருபவளுக்கு அதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது.

பெயர்கள் பத்துக்கு மேல் சேர்ந்ததும் அந்தப் பட்டியலை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எல்லோரும் ஒரே தெருவா, ஒரே சாதியா, ஒரே மதமா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அந்தப் புத்தகம் இன்னும் இரவல் போகவில்லை. ஒரே வீட்டுக்குள் அறை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த பெயர் யாருடையது என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.